ஒரே கூரையின் கீழ் ஏன்? ஸ்காட்லாந்தில் ஒரு கேள்வியைத் தேடி

எடின்பரோவின் ராயல் மைல் வீதி, கோட்டையில் தொடங்கி ஹோலிரூட் அரண்மனை வரை சரிந்து இறங்குகிறது. வீதியின் மேல்பகுதியில், செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்துக்கு அருகே, பொருளியல் துறையின் முன்னோடியான ஆடம் ஸ்மித்தின், 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வெண்கலச் சிலை நிற்கிறது. பயணிகள் பெரும்பாலோர் அங்கே படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். மகளின் பட்டமளிப்பு விழாவுக்காக அந்த ஊருக்குச் சென்றிருந்த நான், விழா முடிந்த மறுநாள் காலையில் வீதியின் கீழ்க்கோடி வரை நடந்து கேனன்கேட் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஸ்மித் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கல்லில் அவருடைய இரண்டு நூல்களின் பெயர்களும், 1723இல் பிறந்து 1790 ஜூலை 17இல் இறந்தார் என்ற செய்தியும் மட்டுமே உள்ளன. அவர் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்த பான்மூர் இல்லம் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் குடும்பத்தில் பிறந்தவன் நான். கல்லூரியில் பொருளாதாரம் படித்தபோது ஸ்மித்தின் குண்டூசிப் பட்டறையைப் பாடமாக ஒப்பித்ததோடு சரி. பல ஆண்டுகள் கழித்து 'தேசங்களின் செல்வம்' நூலின் முதல் அத்தியாயத்தை நிதானமாகப் படித்தபோதுதான், அதில் இரண்டு காட்சிகள் அருகருகே இருப்பதைக் கவனித்தேன். முதல் காட்சியில், பத்துப் பேர் மட்டுமே வேலை செய்யும் ஒரு சிறு பட்டறையில், ஒருவர் கம்பியை இழுக்க, ஒருவர் நிமிர்த்த, ஒருவர் வெட்ட, ஒருவர் முனையைக் கூர்மையாக்க, ஏறத்தாழ 18 செயல்களாகப் பிரிந்த வேலையால் நாளொன்றுக்கு 48,000 குண்டூசிகள் உருவாகின்றன. தனித்தனியாக உழைத்தால் அவர்களில் ஒருவரால் 20 ஊசிகூடச் செய்ய முடியாது. இரண்டாவது காட்சி, ஒரு சாதாரணக் கூலித் தொழிலாளியின் கம்பளிச் சட்டை. ஆடு மேய்ப்பவர், கம்பளியைத் தரம் பிரிப்பவர், சாயம் போடுபவர், நூற்பவர், நெய்பவர், சாயப்பொருளைக் கடல் கடந்து கொண்டுவரும் மாலுமி என ஆயிரக்கணக்கானோர் அந்தச் சட்டைக்குப் பின்னால் இருக்கிறார்கள். அவர்கள் ஒருவரையொருவர் அறிந்ததில்லை. ஸ்மித் இரண்டையும் வேலைப் பகுப்பு என்ற ஒரே பெயரால் அழைக்கிறார். பட்டறையில் ஒரு முதலாளி இருக்கிறார், சட்டைக்குப் பின்னாலோ முதலாளி என்று எவரும் இல்லை. இந்த வேறுபாட்டின் மீது அவர் நிற்காமல் கடந்து சென்றது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அடுத்த நாள் கிளாஸ்கோ வழியாக லனார்க் சென்று, அங்கிருந்து கிளைட் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் இறங்கி நடந்தேன். வளைவு ஒன்றைத் தாண்டியதும் நியூ லனார்க் ஆலைக் கிராமம் முழுவதும் கீழே தெரிகிறது. அருவிகளின் நீர்விசையை நம்பி 1780களில் டேவிட் டேல் தொடங்கிய பருத்தி நூற்பாலை இது; நீர்விசையால் ஓடும் நூற்பு எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற ரிச்சர்ட் ஆர்க்ரைட் தொடக்கத்தில் பங்காளியாக இருந்தார். 1968இல் மூடப்பட்டு, 2001இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பழைய ஆலைக்குள் ஒரு நூற்பு எந்திரம் இன்றும் ஓடுகிறது. இப்போது அதில் கம்பளி நூல் நூற்கிறார்கள்.

1800ஆம் ஆண்டு இதன் நிர்வாகத்தை ஏற்றவர் ராபர்ட் ஓவன், டேலின் மருமகன். ஒவ்வொரு தொழிலாளியின் எந்திரத்துக்கு அருகிலும் அவர் தொங்கவிட்ட நான்கு பக்க மரக்கட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கருப்பு மோசம், நீலம் சுமார், மஞ்சள் நன்று, வெள்ளை மிக நன்று. முந்தைய நாள் வேலைக்கு ஏற்ற நிறத்தை மேற்பார்வையாளர் முன்பக்கம் திருப்பி வைப்பார். எவரும் எவரையும் அடிக்கவோ திட்டவோ கூடாது. 'மௌனக் கண்காணி' என்ற அந்தக் கட்டையின் முன் நான் வெகுநேரம் நின்றேன். ஒரே கூரையின் கீழ் ஆட்களைச் சேர்த்துவிட்டால், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய செலவும் கூடவே வந்துவிடுகிறது. ஓவன் அந்தச் செலவைக் குறைக்கச் சிறிய மரத்துண்டை நம்பினார்; அதைவிட அதிகமாகப் பள்ளிக்கூடத்தை நம்பினார். பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளை ஆலைக்குள் விடாமல் பள்ளிக்கு அனுப்பினார். லாபம் குறைகிறதென்று பங்காளிகள் எதிர்த்தபோது, 1813இல் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தம் உள்ளிட்ட புதிய பங்காளிகளைச் சேர்த்துக்கொண்டு, முதலீட்டுக்கு 5 விழுக்காடு வருமானம் போதும் என்ற உடன்பாட்டோடு ஆலையை மீட்டார். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் மனிதனின் அறிவு மழுங்கிப்போகும் என்று ஸ்மித்தே தம் நூலின் கடைசிப் பகுதியில் கவலையோடு எழுதியிருக்கிறார். அந்தக் கவலைக்கு ஒரு ஆலை முதலாளி கல்லால் கட்டிய பதிலாகவே அந்தப் பள்ளிக் கட்டடத்தை நான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் எடின்பரோவிலிருந்து டண்டீக்கு ரயில். ஃபோர்த் பாலத்தைக் கடந்ததும் கடலோரமாகச் செல்லும் பாதையில், ஸ்மித் பிறந்த ஊரும் தம் பெருநூலின் பெரும்பகுதியை எழுதிய ஊருமான கிர்காடி வருகிறது. நான் இறங்கவில்லை, அந்த வீடு 19ஆம் நூற்றாண்டிலேயே இடிக்கப்பட்டுவிட்டது. ஸ்மித் விட்டுச் சென்ற இடத்திலிருந்து பின்வந்தவர்கள் எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்பதுதான் வழி நெடுக என் எண்ணமாக இருந்தது. 1832இல் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் அதே குண்டூசியை எடுத்துக்கொண்டு, வேலையைப் பிரித்தால் கடினமான பகுதிக்கு மட்டும் அதிகக் கூலியும் எளிய பகுதிக்குக் குறைந்த கூலியும் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1867இல் கார்ல் மார்க்ஸ், ஸ்மித் கடந்து சென்ற வேறுபாட்டை நேராகப் பிடித்தார். பட்டறைக்குள் முன்கூட்டிய திட்டமும் முதலாளியின் அதிகாரமும், பட்டறைக்கு வெளியே போட்டி மட்டும் ஆளும் குழப்பமும் என்று இரண்டையும் பிரித்துக் காட்டினார். ஆனால் உள்ளே எது, வெளியே எது என்று பிரிக்கும் அந்தக் கோடு ஏன் அந்த இடத்தில் விழுகிறது, ஏன் சற்று உள்ளே தள்ளியோ வெளியே தள்ளியோ விழவில்லை என்பதற்கான பதில் டண்டீயில் காத்திருந்தது.

டே ஆற்றின் மேல் ரயில் வளைந்து செல்லும்போது, 1879ஆம் ஆண்டுப் புயலில் ரயிலோடு சரிந்த பழைய பாலத்தின் தூண் அடிகள் நீருக்கு மேல் தெரிகின்றன. டண்டீ சணல் நகரம். வங்காளத்துச் சணலை, இதே துறைமுகத்துக்கு வந்த திமிங்கில எண்ணெயால் பதப்படுத்தி, நூற்று, சாக்குத் துணியாக நெய்து உலகெங்கும் அனுப்பியது. வெர்டன்ட் ஒர்க்ஸ் என்ற பழைய ஆலை இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. எந்திரத்தை ஓட்டிக் காட்டும்போது பேச்சே கேட்பதில்லை. நெசவுப் பெண்கள் உதட்டசைவைப் படித்தே பேசிக்கொண்டார்கள் என்பதை அந்த இரைச்சலில் நின்றால்தான் நம்ப முடிகிறது.

இந்த ஊரின் சணல் பணத்தில், ஜார்ஜ் போனார் என்ற தொழிலதிபரின் நன்கொடையால், 1931இல் ஒரு பொருளாதாரப் பள்ளி தொடங்கியது. மறு ஆண்டு அங்கே உதவி விரிவுரையாளராக வந்தவர் ரொனால்ட் கோஸ். அதற்கு முந்தைய ஓராண்டை அமெரிக்காவில் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் உள்ளிட்ட தொழிற்சாலைகளைப் பார்ப்பதில் கழித்திருந்தார். ரஷ்யாவை ஒரே பெரிய தொழிற்சாலையாக நடத்தலாம் என்றார் லெனின். அது நடக்காது என்றார்கள் மேற்கத்தியப் பொருளியலாளர்கள் சிலர். அப்படியானால் மேற்கிலேயே இவ்வளவு பெரிய தொழிற்சாலைகள் எப்படி இருக்கின்றன என்பது கோஸின் கேள்வி. 1932 அக்டோபரில், 21 வயதில், டண்டீயில் ஆற்றிய விரிவுரையில் அவர் பதிலைச் சொன்னார். சந்தையில் வாங்குவதற்கும் செலவு உண்டு: யாரிடம் என்ன விலை என்று தேடவும், பேரம் பேசவும், ஒப்பந்தம் போடவும் ஆகும் செலவு. அதைவிடக் கட்டளையிட்டு உள்ளேயே செய்துகொள்வது மலிவாக இருக்கும் வரை நிறுவனம் வளரும். உள்ளே நிர்வகிக்கும் செலவு மிஞ்சும் இடத்தில் அது நின்றுவிடும். அது கட்டுரையாக அச்சானது 1937இல், நோபல் பரிசு வந்தது 1991இல். அந்தக் கட்டுரையில் அவர் எடுத்தாளும், பொருளியலாளர் டென்னிஸ் ராபர்ட்சனின் உவமை நம் வீட்டு உவமை: மோரில் ஆங்காங்கே திரளும் வெண்ணெய்தான் சந்தைக்கு நடுவே நிறுவனம்.

எங்கள் கம்பெனியில் கட்டிங்கும் தையலும் செக்கிங்கும் மட்டுமே உள்ளே நடக்கும். நிட்டிங், டையிங், துணி பிறகு சுருங்காமல் பதப்படுத்தும் காம்பேக்டிங், பிரிண்டிங் எல்லாம் ஜாப் ஒர்க், அதாவது வெளியாரிடம் கூலிக்குக் கொடுத்துச் செய்வது. ஒரு தொழிலின் நுணுக்கம் ஊரின் காற்றிலேயே கலந்திருக்கும் என்று பொருளியலாளர் ஆல்பிரட் மார்ஷல் 1890இல் ஷெஃபீல்டு போன்ற ஊர்களை மனத்தில் வைத்து எழுதியது திருப்பூருக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் பிரிண்டிங்குக்குக் கொடுத்த துணி பத்து நாள் தாமதமாக வந்து, கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பி அந்த ஆர்டரின் லாபம் முழுவதையும் இழந்த ஆண்டில், கோஸ் சொன்ன செலவு என்ன என்பதை எங்கள் வீட்டில் எல்லோரும் அறிந்துகொண்டோம். அன்றிலிருந்து சொந்தமாகப் பிரிண்டிங் மெஷின் வாங்கலாமா என்ற பேச்சு ஓயவில்லை.

மாலையில் நகரின் மேற்கே லோக்கி பகுதிக்கு நடந்தேன். காக்ஸ் சகோதரர்களின் கேம்பர்டவுன் ஆலை ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய சணல் ஆலை. தனக்கென்று ரயில் கிளைப்பாதையே வைத்திருந்தது. 1920இல் வேறு ஆலைகளோடு இணைக்கப்பட்டு, 1981இல் மூடப்பட்டது. 1866இல் எழுந்த அதன் 282 அடிப் புகைபோக்கி, பல நிறச் செங்கற்களோடு, இன்று கடைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் நடுவே நிற்கிறது. அதன் அடியில் நின்று அண்ணாவைத் தொலைபேசியில் அழைத்து, மெஷின் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். விலை, வட்டி, ஆபரேட்டர் சம்பளம், இந்த ஆண்டு ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்த தொகை, காத்திருந்ததால் போன தொகை எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, வேண்டாம் என்று முடிவு செய்திருப்பதாகச் சொன்னார். காத்திருந்த நஷ்டம்தானே பெரிதாக இருக்கிறது என்றேன்.

"அது சீசன்ல, தம்பி. ஆர்டர் இல்லாத மூணு மாசம் அந்த மெஷினுக்கு யாரு வேலை குடுப்பாங்க?" என்றார்.