தியெப் துறைமுகத்து பூசார்

ரெண்டு மூணு நாளா இந்த மனுஷன் நெனப்பாவே இருக்கு, அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். பேரு ழான் ஆந்த்ரே பூசார். பிரான்ஸ்ல நார்மண்டி கடற்கரைல தியெப்னு ஒரு ஊரு, அந்தத் துறைமுகத்துல பைலட்டா இருந்தவர். பைலட்னா கப்பலுக்கு வழி காட்டுறவர். கேப்டனுக்குத் தன்னோட கப்பல் அத்துப்படி, ஆனா துறைமுக வாய்ல எங்க மணல் ஏறியிருக்கு, எந்த நேரத்துல நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும்ங்கிறதெல்லாம் உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும், அதனால இவங்க படகுல வெளிய போயி கப்பல உள்ள கூட்டிட்டு வரணும்.

1777 ஆகஸ்ட் 31, ராத்திரி, பேய்க்காத்து. லா ரோஷெல்லேந்து உப்பு ஏத்திக்கிட்டு ஒரு கப்பல் வருது. கப்பல்காரங்க எட்டு பேர், பயணிங்க ரெண்டு பேர். ஒரு பைலட் நாலு தடவ முயற்சி பண்ணியும் படகு வெளிய போக மாட்டேங்குது. கப்பல் தப்பான பக்கம் திரும்புறத பாத்துட்டு பூசார் கரைலேந்து வாய்ல கூம்புக் குழாய் வச்சு கத்துறார், சைகை காட்டுறார், அந்த இருட்டுலயும் காத்து எரைச்சல்லயும் ஒண்ணும் எடுபடல. கப்பல் கூழாங்கல் கரைல போயி தட்டிடுச்சு. ஜெட்டிலேந்து, அதாவது கரைலேந்து கடலுக்குள்ள நீட்டிக் கட்டுன மேடைலேந்து, ஒரு 60 மீட்டர் இருக்கும், அவ்ளோதான். அவங்க அலறுறது இங்க கேக்குது.

எல்லாரும் வேணாம் வேணாங்கிறாங்க, பொண்டாட்டி புள்ளைங்க புடிச்சு இழுக்குறாங்க, அவங்கள அப்பால கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டு, கயித்தோட ஒரு முனைய ஜெட்டில கட்டி இன்னொரு முனைய இடுப்புல சுத்திக்கிட்டு எறங்கிட்டார். கயிறு கப்பலுக்குப் போயிட்டா போதும், அதப் புடிச்சு ஆளுங்கள இழுத்துடலாம்.

ஆனா போக விடணுமே. திரும்பத் திரும்ப அலை அவரத் தூக்கி கூழாங்கல்லு மேலயே வீசுது. ஒடஞ்ச பலகைங்க வேற வந்து மேல அடிக்குது. ஒரு தடவ அலை அவர கப்பலுக்கு அடிலயே இழுத்துட்டுப் போயிடுச்சு, ஆளு போயிட்டார்னே கரைல எல்லாரும் நெனச்சுட்டாங்க. அப்ப வெளிய வர்றார், கைல ஒரு ஆளு! கப்பல்லேந்து அலை அடிச்சுட்டுப் போன ஒருத்தர அந்த நெலமைலயும் புடிச்சுட்டு வந்திருக்கார். கரைல போட்டுட்டு மறுபடி எறங்கி, கடைசில கயித்த கப்பலுக்குக் கொண்டு சேத்துட்டார். தெம்பு இருந்தவங்க எல்லாம் அதுல கட்டிக்கிட்டு ஒவ்வொருத்தரா வந்துட்டாங்க.

அப்பறம்தான் மயங்கி விழுந்தார். ஏகப்பட்ட கடல் தண்ணி குடிச்சிருந்தார். கண்ணு முழிச்சா, கப்பல்லேந்து இன்னும் ஒரு குரல் கேக்குது. ஒரு பயணி, கயித்தப் புடிக்கக்கூட தெம்பில்லாம அங்கயே மாட்டியிருக்கார். புடிச்சிருந்தவங்கள ஒதறிட்டு ஓடிப்போயி அவரையும் கொண்டுவந்துட்டார். பத்து பேர்ல எட்டு பேர் பொழச்சாங்க. மொதல் தடவ குதிச்சதவிட இந்தக் கடைசி தடவதான் என்னை ஆட்டி வைக்குது, ஏன்னா அந்தக் கடல் என்ன பண்ணும்னு அப்ப அவருக்கு ஒடம்பு பூராவும் தெரியும்.

விஷயம் பாரிஸ் வரைக்கும் போச்சு. நிதிய பாத்துக்கிட்டிருந்த நெக்கர் அவருக்கே கடிதம் எழுதினார், ஆரம்பமே "நல்ல மனுஷனே"ன்னுதான். 1000 லிவ்ர் (அப்போதைய பிரான்ஸ் காசு) பரிசு, வருஷத்துக்கு 300 லிவ்ர் பென்ஷன். பதினாறாம் லூயி ராஜா நேர்லயே பாத்தார். அதுலேந்து ஊர்ல அவருக்கு "நல்ல மனுஷன்"ங்கிறதே பட்டப்பேரா நின்னுடுச்சு.

ஏன் இப்படி உசுர குடுத்துப் போனீங்கன்னு கேட்டதுக்கு அவர் சொன்னது இன்னும் மனச விட்டுப் போகல. அவங்கப்பா கடல்ல மூழ்கி செத்தவர். அப்ப காப்பாத்த தான் பக்கத்துல இல்லாம போயிட்டேன், கடல்ல யாரு தத்தளிச்சாலும் போயிடணும்னு அன்னிக்கே சபதம் எடுத்துட்டேன்னாராம்.

பாரிஸ்ல அவ்ளோ கொண்டாடினாங்க, ஆனா அவர் தியெப்புக்கே திரும்பிட்டார். ராஜா செலவுல வீடு கட்டிக் குடுத்தாங்க, அந்த ஜெட்டி மேலயே. யாராவது அலறினா ஒடனே ஓடுற தூரத்துல.