மூன்று கலெக்டர்களும் அஞ்சு நிமிஷ அங்கிளும்

எங்கள் வீட்டுக்கு மூன்று கலெக்டர்கள். வீடும் மகளின் பள்ளியும் மடிப்பாக்கத்தில். 2018-ல் சென்னை மாவட்டம் விரிந்தபோது நாங்களும் அதற்குள் வந்துவிட்டோம். என் அலுவலகம் சிறுசேரியில். அது செங்கல்பட்டு மாவட்டம். கணவருக்கு ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை, அது காஞ்சிபுரம். ஐப்பசி பிறந்துவிட்டால் காலை ஐந்தரைக்கே போனை எடுத்து, எந்தக் கலெக்டர் என்ன சொல்லியிருக்கிறார் என்று மூன்று மாவட்டத்துக்கும் பார்ப்பேன். இத்தனைக்கும் அவர்கள் விடுவது பள்ளிக்கூட லீவு. எங்கள் இருவரையும் இதுவரை எந்தக் கலெக்டரும் கண்டுகொண்டதில்லை. இருந்தாலும் ஒரு நப்பாசை.

அன்றைக்கு சென்னைக்கு மட்டும் லீவு. அறிவிப்பு வந்தபோது மணி ஆறு ஐம்பது. லெமன் சாதம் டப்பாவுக்குள் போய்விட்டது. இரட்டைப் பின்னலில் ஒரு பக்கம் முடிந்து, அடுத்த பக்கத்துக்கு வகிடெடுத்துக்கொண்டிருந்தேன். “லீவு” என்ற சொல் காதில் விழுந்ததும் என் கையை உதறிவிட்டு, ஒற்றைப் பின்னலோடு ஓடிப்போய்ப் போர்வைக்குள் புகுந்துகொண்டாள்.

மற்ற நாளாக இருந்தால் அத்தை இருப்பார். அவர் கடைமுழுக்குக்காக மாயவரம் போயிருந்தார். எதிர் ஃப்ளாட் மாமி ஊரில் இல்லை. எனக்கோ மதியம் மூன்று மணிக்கு லண்டன் கிளையன்டுக்கு டெமோ. எல்லோரும் நேரில் வந்தே ஆக வேண்டும் என்று மேனேஜர் மூன்று மெயில் போட்டிருந்தார்.

“நீங்க ஒரு நாள் லீவு போட முடியுமா?”

“நான் போகலைன்னா லைன் நின்னுடும்.”

தொழிற்சாலையின் இந்த உற்பத்தி லைன் எங்கள் குடும்பத்தின் ஐந்தாவது ஆள். அதற்கு அடிக்கடி உடம்புக்கு வரும். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிடும். தீபாவளிக்குக்கூட அதைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது. நான் போகாவிட்டால் எதுவும் நிற்காது. எனக்கு வரும் போன்களின் எண்ணிக்கைதான் கூடும்.

சரி, பாப்பாவையும் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவாயிற்று. கார் புக் செய்தால், “டிராப் எங்க மேடம்? கேஷா, ஆன்லைனா?” என்று கேட்டுவிட்டு டிரைவர் கேன்சல் செய்தார். அடுத்தவர் கேட்காமலே கேன்சல் செய்தார். அதற்குள் வெயில் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. லீவு விட்டால் வானம் வெளுக்கும் என்பது சென்னைவாசிகளுக்குத் தெரிந்ததுதான். வண்டியை எடுத்தேன். மெட்ரோ வந்துவிட்டால் மடிப்பாக்கத்தில் ஏறி, சோழிங்கநல்லூரில் மாறி, சிறுசேரியில் இறங்கலாமாம். இப்போதைக்கு அந்த மெட்ரோவின் தூண்களைத்தான் வழி நெடுக மகள் எண்ணிக்கொண்டு வந்தாள். 112-ல் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே வந்து கணக்கு விட்டுப்போய், முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

கேட்டில் விசிட்டர் பதிவேடு. யாரைப் பார்க்க? ‘அம்மா’ என்று அவளே குண்டு குண்டாக எழுதினாள். என்ன காரணத்துக்காக? கொஞ்சம் யோசித்துவிட்டு ‘மழை’ என்று எழுதினாள். செக்யூரிட்டி அண்ணா நெற்றி வியர்வையைத் துடைத்தபடி அதைப் படித்துவிட்டு உள்ளே விட்டார்.

எங்கள் அலுவலகத்தில் குழந்தைகள் காப்பகம் உண்டு. 2017-ல் பேறுகால நலச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்று வைத்தார்கள். 12 வாரமாக இருந்த விடுப்பு 26 வாரமானதும் அப்போதுதான். அதன் கைமேல் பலன் எனக்குக் கிடைத்தது. காப்பகத்தின் பலன்தான் கை நழுவிவிட்டது. அங்கே ஆறு வயது வரைக்கும்தான், இவளுக்கு எட்டு. வாசலில் நின்று உள்ளே பார்த்துவிட்டு, “அய்ய, எல்லாம் பேபிஸ்” என்று அவளே நிராகரித்தாள்.

அதனால் இரண்டு சமோசாவுக்கும் ஒரு ஐஸ்கிரீமுக்கும் அப்புறம், மீட்டிங் ரூம் மூலையில் டிராயிங் நோட்டோடு உட்கார வைத்தேன். சத்தம் வரக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். இரண்டரைக்கு மேனேஜர் உள்ளே வந்தார். மூலையைப் பார்த்துச் சிரித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, “டெமோவுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் பேசிடலாமா?” என்றார்.

கிரேயான் நின்றது. அவள் தலையைத் தூக்கி அவரையே உற்றுப் பார்த்தாள்.

“அம்மா! அஞ்சு நிமிஷ அங்கிள்!”

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குக் கதை சொல்வதாக அவளோடு எனக்கு ஒப்பந்தம். சரியாக ஒன்பதுக்குத்தான் மேனேஜருக்கும் என் ஞாபகம் வரும். “அஞ்சு நிமிஷம்டா கண்ணு” என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறப்பேன். அதற்குள்ளிருந்து வரும் குரல் மட்டும்தான் இவளுக்குப் பழக்கம். அந்தக் குரலுக்குத் தொப்பையும் மூக்குக் கண்ணாடியும் உண்டு என்பதை அன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

அறையில் எட்டுப் பேர். ஒருவர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார், ஒருவருக்குத் திடீரென்று இருமல் வந்தது. மேனேஜர் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். என் மகள் கையில் கட்டியிருந்த டிஜிட்டல் வாட்சில் ஏதோ பட்டனை அழுத்தினாள். அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

“அங்கிள், அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சு.”

“இதோ முடிச்சிட்டேன்மா.”

கொஞ்ச நேரம் கழித்து, நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, “பதினொண்ணு” என்றாள்.

பதினான்காவது நிமிடத்தில் அவரே நிறுத்திக்கொண்டார். எங்கள் டீமின் சரித்திரத்தில் அதுதான் மிகக் குறைந்த அஞ்சு நிமிஷம்.

டெமோவில் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தடவை ஸ்கிரீன் தொங்கியது. அது எப்போதும் அந்த இடத்தில் தொங்கும். கிளையன்ட் திருப்தியாகப் போனார். அதன்பிறகு மேனேஜர் மூலைக்குப் போய்க் குனிந்து, “அப்பாவுக்கும் இந்த மாதிரி அங்கிள் யாராவது உண்டா?” என்று கேட்டார்.

“அப்பாவுக்கு அங்கிள் இல்ல. லைன்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் ப்ரொஜெக்டர் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.

இதற்கிடையே, நான் கணவருக்கு அனுப்பிய அவளுடைய போட்டோவை அவர் ‘அம்மா ஆபீசில் பாப்பா’ என்று குடும்ப குரூப்பில் போட்டிருக்கிறார். பத்து இதயம், ஏழு கைத்தட்டல். மாயவரத்திலிருந்து அத்தை போன் செய்தார். அவர் மகனுக்கு இல்லை, எனக்குத்தான்.

“ஏம்மா, குழந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் பின்னியிருக்கே, ஏன்?”

காலையிலிருந்து நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றியபோது பார்த்திருக்கலாம், சமோசா வாங்கும்போது பார்த்திருக்கலாம். லிஃப்டில் பக்கத்தில் நின்ற அத்தனை பேரும் பார்த்திருப்பார்கள். வண்டியை எடுப்பதற்கு முன் பார்க்கிங்கில் வைத்து மறுபக்கத்தைப் பின்னிவிட்டேன். ரிப்பன் இல்லாததால் என் ஐடி கார்டு கயிறுதான் உதவியது.

ராத்திரி ஒன்பது மணி நாலு நிமிடத்துக்குப் போன் மின்னியது. மேனேஜர்.

‘ஒரு அஞ்சு நிமிஷம்?’

நான் பதில் அடிப்பதற்குள் அடுத்தது வந்தது: ‘பாப்பா தூங்கிட்டாளா?’

திரும்பிப் பார்த்தேன். கதையில் நரி காட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அவள் தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, கையில் வாட்ச் அப்படியே இருந்தது.

‘இல்லையே, முழிச்சிட்டுதான் இருக்கா’ என்று அனுப்பினேன்.

‘அப்போ காலையில பேசலாம்.’