மாட்யூலுக்கு மாட்யூல் தகவல் போகும் வழி

கிளவுட் சர்வர், நெட்வொர்க் போன்றவற்றைக் கோடாக எழுதி உருவாக்கும் கருவியான டெராஃபார்மில், ஒரு மாட்யூலுக்கு (ஒரு வேலைக்கான கோடுத் தொகுப்புக்கு) பக்கத்து மாட்யூல் இருப்பதே தெரியாது. நெட்வொர்க் மாட்யூல் உருவாக்கும் சப்நெட்டின் (நெட்வொர்க்கின் ஒரு பகுதியின்) ஐடி சர்வர் மாட்யூலுக்கு வேண்டுமென்றால், முன்னது அதை அவுட்புட்டாக வெளியே விட வேண்டும், பின்னது ஒரு வேரியபிளில் வாங்கிக்கொள்ள வேண்டும். நடுவில் கோர்த்துவிடுவது இரண்டையும் அழைக்கும் மேல்மட்ட ரூட் மாட்யூலின் வேலை. அப்படிக் கோர்த்தாலே எது முதலில் உருவாக வேண்டும் என்பதை டெராஃபார்ம் புரிந்துகொள்ளும். ஆனாலும் சிலர் பயத்தில் 'இது முடிந்த பிறகே அது' என்று நேரடியாகச் சொல்லும் 'டிபெண்ட்ஸ் ஆன்' வரியையும் சேர்த்துவிடுகிறார்கள். ரிவ்யூவில் அதைப் பார்த்தால் நான் விடுவதில்லை. அது முழு மாட்யூலையும் காக்க வைக்கும். உள்ளே இருக்கும் டேட்டா சோர்ஸ்கள் (ஏற்கெனவே உள்ள தகவலைப் படிப்பவை) பிளான் நேரத்தில், அதாவது என்ன மாறும் என்று முன்கூட்டிப் பார்க்கும்போது, படிக்கப்படாமல், மாற்றத்தை உண்மையிலேயே செய்யும் அப்ளை வரை தள்ளிப்போகலாம்.

அப்புறம், அவுட்புட்டின் வடிவம். சப்நெட் ஐடிகளை வெறும் லிஸ்டாக அனுப்பி, அந்தப் பக்கம் செட்டாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி உருவாக்கும் 'ஃபார் ஈச்' போட்டால், முதல் பிளானிலேயே பிழை வரும். ஐடி இன்னும் பிறக்கவே இல்லையே, அதை எப்படிச் சாவியாக வைப்பது? அதனால் நான் சாவி-மதிப்பு ஜோடிகள் கொண்ட மேப்பாகவே அனுப்புவேன்: சாவி 'ஆப்', 'டிபி' என்று நாம் வைத்த பெயர், மதிப்பு ஐடி. மதிப்பு பிறகு தெரிந்தால் போதும்.

வேறு ஸ்டேட்டிலிருந்து (டெராஃபார்ம் தான் உருவாக்கியவற்றைக் குறித்துவைக்கும் பதிவிலிருந்து) அவுட்புட்டை எடுக்க ரிமோட் ஸ்டேட் டேட்டா சோர்ஸ் இருக்கிறது. வசதிதான். ஆனால் ஒரே ஒரு அவுட்புட்டுக்காக முழு ஸ்டேட்டையும் படிக்கும் அனுமதி கொடுக்க வேண்டும். கடவுச்சொல் இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். எனக்கு அதில் சம்மதமில்லை.