கேமலின் சாஸ்: வழவழப்பு ஒருவழியாகப் போனது

சுட்ட கோழியோடு பரிமாறும் இடைக்கால ஐரோப்பியப் பட்டைச் சாஸ்தான் கேமலின். அதில் நான்காவது முயற்சி இது. முதல் மூன்றும் ருசியில் குறையில்லை. ஆனால் இரண்டு மணி நேரம் வைத்தால் நறுக்கிய வெண்டைக்காய் மாதிரி கரண்டியோடு நூலிழுத்தன. இந்தத் தடவை இழுக்கவே இல்லை. மாற்றியது ஒன்றே ஒன்றுதான்: பட்டை.

செய்முறை, 1390 வாக்கில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் தலைமைச் சமையல்காரர்கள் தொகுத்த ‘ஃபார்ம் ஆஃப் க்யூரி’ என்ற சமையல் நூலில் உள்ளது. கொரிந்து திராட்சை (சிறிய கறுப்பு உலர்திராட்சை), கொட்டைப் பருப்பு, ரொட்டி ஓரம், சுக்கு, கிராம்பு, பட்டைத்தூள், உப்பு எல்லாவற்றையும் நன்றாக இடித்து வினிகரில் கரைக்கச் சொல்கிறது. அடுப்பில் ஏற்றுவதில்லை. அளவும் கிடையாது. கைக்கு வந்த அளவு: திராட்சை 30 கிராம், வால்நட் 20, வறுத்த ரொட்டி ஓரம் 40, பட்டை 5, சுக்கு 2, உப்பு 2 கிராம். கிராம்பு மூன்று மொட்டு. சிவப்பு ஒயின் வினிகர் 75 மில்லி, தண்ணீர் 75 மில்லி. முழுக்க வினிகர் ஊற்றினால் பல் கூசும்.

பிரியாணிக்கு வாங்கும் தடித்த பட்டை பெரும்பாலும் கேசியா என்ற வேறு மரத்தின் பட்டை. அதில் பசைச்சத்து அதிகம். நைசாக அரைத்து ஈரத்தில் விட்டால் ஊறி உப்பிவிடும். சாஸைக் காய்ச்சுவதில்லை என்பதால் கெட்டியானதும் ரொட்டியைத்தான் சந்தேகிக்கத் தோன்றும். மூன்று தடவையும் ரொட்டியைக் குறைத்துக்கொண்டே போனது வீண். சோதிப்பது சுலபம்: அரை டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் தூளைக் கலக்கி அப்படியே வையுங்கள். கேசியா கூழாகும், இலங்கைக் கருவாப்பட்டை பெரும்பாலும் அடியில் படியும். வாங்கும்போதே பார்த்துவிடலாம். கேசியா ஒற்றை அடுக்கு, கட்டை மாதிரி கடினம். கருவா காகிதம் போன்ற பல அடுக்குகள் சுருண்டது, விரலால் நசுக்கினாலே நொறுங்கும். விலை அதிகம்தான், ஆனால் இந்தச் சாஸுக்கு அது இல்லாமல் இறங்கவே வேண்டாம்.

ரொட்டியிலும் கவனம் வேண்டும். பால், சர்க்கரை சேர்த்த மைதா பிரெட் மிக்ஸியில் களியாகிவிடுகிறது. புளித்த மாவில் செய்த கோதுமை ரொட்டியின் ஓரத்தை நல்ல பழுப்பாக வாட்டி, வினிகரில் 20 நிமிடம் ஊறவைத்து அம்மியில் அரைத்ததில் பதம் சரியாக வந்தது. கருகினால் அந்தக் கசப்பை எதுவும் மறைக்காது. மல்துணியில் பிழிந்து வடிகட்டும் வேலையைத் தவிர்க்காதீர்கள். வால்நட் தோல் நாக்கில் உறுத்தும்.

கோழி 1.4 கிலோ. “தோலோடு, முழுசா” என்று முதலிலேயே சொல்லாவிட்டால் கடையில் உரித்துவிடுவார்கள். கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கித் துடைத்து, உப்பும் வெண்ணெயும் தடவி 200 டிகிரியில் 70 நிமிடம். தொடையின் உள்பக்கம் 74 டிகிரி வந்ததும் எடுத்து, 15 நிமிடம் ஆறவிட்டு வெட்டவும். சாஸ் ஆறியபடியே பக்கத்தில்.

1393 வாக்கில் பாரிஸில் எழுதப்பட்ட ‘மெனாஜியே’ என்ற இல்லற நூலில் வேறொரு கேமலின் இருக்கிறது: குங்குமப்பூ, பாதி ஜாதிக்காய், ஒயின், வாட்டாத ரொட்டி. குளிர்காலத்தில் காய்ச்சுவது, கோடையில் பச்சையாகவே. அதையும் பார்க்க வேண்டும். சரக்குக்கு நாட்டு மருந்துக் கடையே போதும். திப்பிலி, சித்தரத்தை, வால்மிளகு, ஜாதிபத்திரி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். கிடைக்காதது மேற்கு ஆப்பிரிக்காவின் மெலெகெட்டா மிளகுதான். இப்போதைக்கு அதற்குப் பதில், பத்து மிளகுக்கு ஓர் ஏலக்காயின் விதை.

மெலெகெட்டா தேவைப்படுவது அடுத்ததாகச் செய்யப்போகும் கறுப்புச் சாஸுக்கு: சுட்ட கோழி ஈரல், அனிஸ் (சோம்பு வாசமுள்ள வேறொரு விதை), சுக்கு, பட்டை, ரொட்டி, கோழிக் கொழுப்பு, பழுக்காத திராட்சைச் சாறு. அனிஸுக்குச் சோம்பு என்று கேட்டால் பெருஞ்சீரகம்தான் தருவார்கள், அன்னாசிப்பூவும் அது இல்லை. பச்சைத் திராட்சைக் காய் கிடைத்ததும் பிழிந்து, ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீஸரில் வைப்பதாகத் திட்டம். ஈரல் இரண்டு கோழியுடையது சேர்ந்திருக்கிறது, இன்னும் இரண்டு வேண்டும்.