“மூச்சு இருக்கிறது”

ஆம்புலன்சில் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றிய ஆண்டுகளில் நான் மிக அஞ்சிய சொற்கள் “மூச்சு இருக்கிறது” என்பவை. வண்டியை விட்டு இறங்கும்போதே யாராவது எதிரே ஓடிவந்து, ஒருவித நிம்மதியோடு அதைச் சொல்வார்கள். உள்ளே போனால், விழுந்தவரைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள். ஒருவர் விசிறுவார், ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிப்பார். விழுந்தவரோ நீண்ட இடைவெளி விட்டு, கரையில் போட்ட மீனைப் போல வாயைத் திறந்து ஒரு முறை காற்றை இழுப்பார். அது மூச்சு அன்று. இதயம் நின்றபின் மூளைத்தண்டிலிருந்து சிறிது நேரம் எழும் வெறும் அனிச்சைச் செயல். அதை மூச்சென்று நம்பிக் கைகட்டி நிற்கும் நிமிடங்களில்தான் பலருடைய உயிர் போகிறது.

ஓர் அலுவலகத்தில் நடந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மேசையருகே சரிந்திருந்தார். நாங்கள் போய்ச் சேர ஒன்பது நிமிடங்கள் ஆகியிருந்தன. எங்கள் வேலையில் அது தாமதமே அன்று. ஆனால் இதயம் நின்று நான்கைந்து நிமிடங்களிலேயே மூளை சேதமடையத் தொடங்கிவிடும்; எவ்வளவு விரைந்து ஓட்டினாலும் அந்தக் கணக்கை எங்களால் வெல்ல முடியாது. அங்கிருந்து பத்தடி தொலைவில், சுவரில் மாட்டிய பெட்டிக்குள், இதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் கருவியான டிஃபிப்ரிலேட்டர் ஒன்று இருந்தது. அதை யாரும் திறக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் முழு நேரமும் அவர் கையைப் பிடித்தபடியே மண்டியிட்டிருந்தார். “மூச்சு இருந்ததே, சார்” என்று அவர் இரண்டு முறை சொன்னார். நான் பதில் சொல்லவில்லை.

அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அன்பும் பதைப்பும் அங்கே நிறையவே இருந்தன. கைகளுக்கு மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கற்றுக்கொள்ள வேண்டியதும் மிகக் குறைவு. தட்டிக் கூப்பிட்டும் ஒருவர் கண் திறக்காமல், இயல்பாக மூச்சும் விடாமல் இருந்தால் இதயம் நின்றுவிட்டதென்றே கொள்ள வேண்டும். அவசர உதவியை அழைத்துவிட்டு, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் மேல் மற்றொரு கையை வைத்து, முழங்கையை மடக்காமல், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுமையாக மேலெழ விட வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்குகிற பெரியவர்கள், விழுந்தவரும் பெரியவராக இருந்தால், அழுத்துவதை மட்டும் விடாமல் செய்யட்டும். படிக்க எளிதாகத் தோன்றும் இந்த ஆழம் எவ்வளவு என்பது பயிற்சிப் பொம்மையின் மேல் முழு உடல் எடையையும் சாய்க்கும்போதுதான் புரியும். எனக்கே முதல் பயிற்சியில் கை பாதி ஆழத்துக்கு மேல் இறங்க மறுத்தது. இரண்டு நிமிடத்தில் தோள் தளர்ந்துவிடும் என்பதால் ஆள் மாற்றிக்கொள்வது நல்லது.

இப்படி அழுத்தினால் விலா எலும்பு முறிந்துவிடாதா என்று எல்லாப் பயிற்சி வகுப்பிலும் கேட்கிறார்கள். முறியலாம், முறிந்த எலும்பு கூடிவிடும். டிஃபிப்ரிலேட்டரைப் பற்றிய அச்சத்துக்கு அவ்வளவு நியாயம்கூட இல்லை. பொது இடங்களில் வைக்கப்படும் தானியங்கிக் கருவி தானே வாய்விட்டு வழி சொல்கிறது. ஒட்டு வில்லைகளை எங்கே ஒட்டுவதென்பது படமாகவே வரைந்திருக்கிறது. இதயத்தின் துடிப்பைப் படித்து, மின்னதிர்வு தேவை என்று அது முடிவு செய்தால் மட்டுமே அதிர்வு பாயும். அந்த நேரத்தில் யாரும் உடலைத் தொடாமல் பார்த்துக்கொண்டு, அதிர்வு முடிந்ததும் உடனே மீண்டும் அழுத்தத் தொடங்குவதுதான் நம் பங்கு.

பின்னாளில் நான் பயிற்சியாளராகியபோது, அந்த அலுவலகத்திலிருந்து ஒரு குழு வந்தது. கைபிடித்து மண்டியிட்டிருந்தவரும் அதில் இருந்தார். பொய் மூச்சு எப்படி இருக்கும் என்று காட்ட நான் வைத்திருந்த ஒலிப்பதிவைப் போட்டேன். முடிந்ததும் எல்லோரும் பொம்மையின் பக்கம் நகர்ந்தார்கள். அவர் மட்டும் இருக்கையிலேயே இருந்து, “இன்னொரு முறை போடுங்கள்” என்றார்.