பாட்டி குறுக்கே போனால் ஆட்டம் போச்சு

மகளுக்கு அப்போது ஏழு வயது. மூளை பாதிப்பால் உடல் அசைவு சிரமப்படுகிற செரிப்ரல் பால்சியில், உடம்பின் ஒரு பக்கத்தை மட்டும் பாதிக்கிற வகை அவளுக்கு. நடையில் பெரிதாகத் தெரியாது. இடது கைதான் முழங்கையில் மடங்கி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். கூம்பை அடுக்கு, பந்தைக் கூடையில் போடு என்று தெரபி மூன்று வருடம் ஓடியது. அதற்கப்புறம் கூம்பைப் பார்த்தாலே அழுகை.

"வீட்டுல கைனெக்ட் வாங்க முடியுமா பாருங்க" என்றார் ஓ.டி. மேடம், அதாவது அவளுக்குக் கைப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். எக்ஸ்பாக்ஸ் என்ற வீடியோ கேம் பெட்டியோடு மாட்டுகிற சென்சார் அது. கையில் எதுவும் பிடிக்காமல், டி.வி. முன்னால் நின்று உடம்பை அசைத்தே ஆடலாம். நின்டெண்டோவின் வீ (Wii) மாதிரி ரிமோட் பிடிக்கிற விளையாட்டு இவளுக்கு ஒத்துவராது. பிடிப்பில்லாத கையில் ரிமோட்டைக் கட்டிவிட வேண்டும். அப்படியே கட்டினாலும் மணிக்கட்டை லேசாக ஆட்டினால் போதும், திரையில் பந்து பறந்துவிடும். கைனெக்ட் அகச்சிவப்பு ஒளியால் தூரத்தை அளந்து, தோளும் முழங்கையும் மணிக்கட்டும் எங்கே இருக்கின்றன என்று கணிக்கிறது. கையை நிஜமாகவே நீட்டியாக வேண்டும்.

இது 2019-இல். கைனெக்ட் தயாரிப்பை மைக்ரோசாஃப்ட் 2017-லேயே நிறுத்திவிட்டதால் சென்னை ரிச்சி தெருவில் பழையதுதான் கிடைத்தது. பழைய மாடல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு சென்சாருக்கென்று தனி பவர் அடாப்டர் வேண்டும். கடைக்காரர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. மறுபடி ஒரு நடை.

எங்கள் ஹாலில் ஆறடி இடம் விடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சோபா பால்கனிக்குப் போனது. மாலை வெயில் உள்ளே விழுந்தால் சென்சார் தடுமாறும், அதனால் ஜன்னலுக்குப் போர்வை. பாவாடை போட்டால் கால் எது, துணி எது என்று அதற்குக் குழப்பம். எங்கள் மாமியார் காபி டம்ளரோடு குறுக்கே போனால் அவரையே ஆட்டக்காரராக எடுத்துக்கொள்ளும். "அம்மா, பாட்டி என் ஆட்டத்தைப் புடுங்கிட்டாங்க!"

திரையில் பறக்கிற பழங்களைக் கை வீசி வெட்டும் ஃப்ரூட் நிஞ்சாதான் அவளுக்குப் பிடித்தது. முதல் வாரமே ஸ்கோர் ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடியோ எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன். அவர் அதை இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "முழங்கையைப் பாருங்கம்மா" என்றார். முழங்கை மடங்கியது மடங்கியபடியே இருந்தது. பழம் இடது பக்கம் வந்தால் பிள்ளை இடுப்போடு சாய்கிறாள், மேலே வந்தால் தோளைத் தூக்குகிறாள், மீதியை வலது கை வெட்டுகிறது. விளையாட்டுக்குப் பழம் வெட்டுப்பட்டால் சரி, எப்படி வெட்டினாள் என்பது அதற்கு எதற்கு?

அன்றிலிருந்து விதி மாறியது. வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள். தரையில் டேப் ஒட்டி, பாதம் அதைத் தாண்டக்கூடாது. சென்சார் கண்ணில் படாமல் நான் பக்கவாட்டில் உட்கார்ந்து, அவள் சாயும்போதெல்லாம் "முதுகு!" என்று கத்த வேண்டும். ஸ்கோர் பாதாளத்துக்குப் போனது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பழைய ஸ்கோரை அழித்து, இடது கைக்கென்று காலண்டரில் புதுக் கணக்கு ஆரம்பித்த பிறகுதான் சமாதானம். வாரம் ஐந்து நாள், இருபது இருபது நிமிஷம். மூன்றாம் மாதம் அலமாரியின் மேல் தட்டில் இருந்த சீப்பை இடது கையால் இழுத்துத் தள்ளினாள். பிடிக்க வரவில்லை, கீழே விழுந்தது. ஆனால் முழங்கை நீண்டிருந்தது.

பிடிப்பை இந்த விளையாட்டு தராது. அந்த சென்சாருக்கு விரல் தெரியாது. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவதும் தெரியாது. அதற்குச் சப்பாத்தி மாவு, டிபன் பாக்ஸ் மூடி, சட்டைப் பொத்தான். விளையாட்டு முடிந்து கை சூடாக இருக்கும்போதே பத்து நிமிஷம் இதைச் செய்யச் சொன்னார் மேடம். அழுகை இங்கேதான் திரும்பி வந்தது. சப்பாத்தி மாவுக்கு மட்டும் அழமாட்டாள், பாதி வாய்க்குள் போய்விடும்.

எட்டாவது மாதம் பழமும் சலித்துவிட்டது. பெட்டி இப்போது பரண்மேல். டிபன் பாக்ஸை இடது கையால் அமுக்கிக்கொண்டு வலது கையால் திறக்கிறாள். ராத்திரி கை மடங்காமல் தாங்குகிற ஸ்பிளின்ட் போடுவதில்தான் இன்னும் தினம் தகராறு.