இடப்பக்கத்து இலக்கம்

“வெறும் இலக்கம் எண்டால் ஏன் பிள்ளை போட்டனீங்கள்?” என்று அந்த ஐயா கேட்டபோது என்னிடம் மறுமொழி இருந்தது. இன்றும் இருக்கிறது. ஆனால் அதை அவரிடம் சொல்லி என்ன பயன் என்று அப்போதே வாய் அடைத்துப்போனது.

குளத்து நீரை நம்பிச் செய்யும் கோடைகால நெற்செய்கையான சிறுபோகத்தின் பட்டியல் எனக்கு நீளவாக்கில் வந்தது: நிரைக்கு ஒரு கமக்காரர், பக்கத்தில் வாய்க்காலின் பெயர், ஏக்கர். அறிவித்தல் பலகைக்காக அதை மாற்றி, வாய்க்கால்களைத் தலைப்பாக்கி, ஒவ்வொன்றின் கீழும் உரியவர்களின் பெயர்கள் வரும்படி ஒரே தாளில் தரச் சொன்னார்கள். எக்செலில் தரவை மாற்றியமைக்கும் கருவியான பவர் குவெரியில் அப்படியே திருப்பினால் வழு வரும். ஒரு தலைப்பின் கீழ் வரும் நாற்பது பெயர்களும் ஒரே கட்டத்துக்குள் நுழையப் பார்க்கும். ஒவ்வொரு வாய்க்காலுக்குள்ளும் ஒன்றிலிருந்து எண்ணி, அடுத்த வாய்க்கால் தொடங்கியதும் மறுபடி ஒன்றுக்குத் திரும்பும் இலக்கம் இருந்தால்தான் பெயர்கள் தத்தம் வரியில் அமரும். எனக்கு அந்த இலக்கம் தேவைப்பட்டது அதற்கு மட்டுமே.

சிறிய பட்டியலானால் எக்செலின் எண்ணும் சூத்திரமான கவுன்டிஃப் போதும். வீச்சின் தொடக்கத்தை டொலர் குறியால் பூட்டி முடிவைப் பூட்டாமல் விட்டால், அந்த நிரை வரை அதே வாய்க்கால் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணித் தரும். ஆனால் ஒவ்வொரு நிரைக்கும் அது உச்சியிலிருந்தே எண்ணத் தொடங்குவதால், 4,000 நிரைகளுக்கு ஏறத்தாழ 80 இலட்சம் தடவை ஒப்பிட நேரும். ஆகவே வாய்க்கால்வாரியாகக் குழுவாக்கி, ஒவ்வொரு குழுவின் அட்டவணைக்குள்ளும் சுட்டெண் நிரலை 1 இலிருந்து சேர்த்து, பிறகு விரித்தேன். தொடக்கத்தைக் குறிப்பிடாவிட்டால் அது 0 இலிருந்து எண்ணும். குழுவாக்கும்போது, முன்னர் வரிசைப்படுத்திய ஒழுங்கு குலைந்துவிடக்கூடும் என்பதால் அட்டவணையை அப்படியே நினைவகத்தில் பிடித்துவைக்கும் டேபிள் பஃபரையும் இட்டு அந்த ஒழுங்கைக் காப்பாற்றினேன். அவ்வளவு கவனமாக நான் காப்பாற்றியது பிழையான ஒழுங்கை.

பெயரைத் தேடுவோருக்கு இலகுவாக இருக்கும் என்று எண்ணி அகரவரிசைப்படுத்தியிருந்தேன். கோப்போ யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் இருந்தது. அதில் கணினிக்குத் தெரிவது தமிழ் அல்ல, கீழே இருக்கும் ஆங்கில விசைகள்தாம்: ‘அ’ எம் விசையிலும் ‘க’ எஃப் விசையிலும் இருப்பதால் கந்தசாமி அருணாசலத்துக்கு முன்னால் வந்துவிடுவார், கொம்பு முதலில் தட்டப்படுவதால் ‘செ’, ‘பெ’, ‘வெ’ எல்லாம் என் விசையின் கீழ் ஒன்றுகூடிவிடும். இதை நான் அறியாதவள் அல்லள். அன்று மறந்துபோனேன்.

எனக்கு வந்த பட்டியலில் ஏற்கெனவே ஓர் ஒழுங்கு இருந்தது என்பதுதான் உண்மையில் எனக்குத் தெரியாதது. வாய்க்காலின் கதவடியிலிருந்து கடைசி வயல் வரை, நிலம் கிடக்கும் முறையிலேயே பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. அதைச் சொல்ல ஒரு நிரலும் இல்லை. நிரைகள் இருந்த இடமே அதைச் சொல்லியது. நான் வரிசைப்படுத்திச் சேமித்ததோடு அது அழிந்தது. 2018 மார்கழியில் வான்கதவுகள் திறந்து ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்த, கிளிநொச்சியின் பெரிய குளமான இரணைமடுவின் கீழானாலும், சிறு குளமொன்றின் கீழானாலும், சிறுபோகத்தில் தண்ணீர் அளவோடுதான். முறை வைத்துத்தான் பாயும். பலகையில் தாளைப் பார்த்தவர்கள் இடப்பக்கத்து இலக்கத்தை முறை என்று வாசித்தார்கள். வேறு எப்படி வாசிப்பார்கள்?

கதவடியில் வயல் வைத்திருக்கும் அந்த ஐயா முப்பத்தொன்றாவது வரிக்குப் போயிருந்தார். அவருடைய பயிருக்குத் தண்ணீர் ஆறு நாள் பிந்தியது. “அது முறை இல்லை ஐயா, வெறும் இலக்கம்” என்று சொன்னேன். பெயர்களின் ஒழுங்குக்குப் பொருள் உண்டு என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை என்பது உண்மை. அந்த நிரலுக்கு நான் தலைப்பு எதுவும் இடவில்லை என்பதும் உண்மை. ‘தாளின் வரி’ என்று இரண்டு சொல் எழுதியிருக்கலாம். எழுதியிருந்தாலும் அவர்கள் முறை என்றே கொண்டிருப்பார்களோ என்று சில வேளை தோன்றும். அந்த எண்ணம் என்னை ஆற்றுவதற்காகவே வருகிறது என்றும் தோன்றும்.

பிறகு வாய்க்காலுக்குப் பொறுப்பானவர் வந்து, மேசைமேல் விரலை மெல்ல நகர்த்தியபடி, வரம்பில் நடப்பவரைப் போல ஒவ்வொரு பெயராகச் சொல்ல, நான் வயல் ஒழுங்கு என்று ஒரு நிரல் சேர்த்து நிரப்பினேன். திருத்திய தாள் பலகைக்குப் போன மறுநாள், கடைசி வயல்காரி ஒருவர் வந்தார். முந்தின தாளில் அவர் நாலாவது. “அந்தத் தாளே நல்லா இருந்தது, பிள்ளை. அந்த ஒரு முறைதான் எனக்கு நேரத்துக்குத் தண்ணி வந்தது” என்றார். அது பிழையாக வந்த தாள் என்று நான் அவருக்கு விளக்கினேன். விளக்கிக்கொண்டிருக்கும்போதே, வாய்க்கால் வெட்டிய நாளிலிருந்து கடைசியாக நிற்கும் ஒருவருக்குப் பிழை எது, சரி எது என்று நான் எந்த நிரலைப் பார்த்துச் சொல்கிறேன் என்ற தடுமாற்றம் வந்தது. அந்த நிரல் நான் சேர்த்தது. ஆனால் அதன் ஒழுங்கு நான் வகுத்தது அல்ல.

இப்போது எந்தப் பட்டியல் வந்தாலும், தொடுவதற்கு முன் வந்த ஒழுங்கை ஒரு நிரலில் பதிந்துகொள்கிறேன். இந்தச் சிறுபோகத்தில், பெயர்களைத் திருப்பி அமைத்த பின் இடப்பக்கத்து இலக்கத்தை நீக்கிவிட்டே தாளை அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பலகையைப் பார்த்தபோது, யாரோ ஒருவர் நீலப் பேனாவால் மேலிருந்து கீழாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருந்தார்.